மேகாங் ஆறும் நான்கு அயல்நாடுகளும்

போரினால் நலிந்த அயல்நாடுகள் மீண்டும் கைகோத்த வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் ஐரோப்பாவையே எடுத்துக்காட்டுவர். பிரான்சும் ஜெர்மனியும் நிலக்கரியையும் எஃகையும் பொதுவாக்கிக்கொண்ட கதையை மாணவர்களாகிய நீங்கள் பாடநூல்களிற் படித்திருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட வரலாறு ஆசியாவில் நிகழ்ந்தது. அங்கே போர் ஓய்ந்த பிறகு ஒத்துழைப்புப் பிறக்கவில்லை. இரண்டு போர்களுக்கு நடுவே பிறந்து, இரண்டாவது போரின் உள்ளேயே வளர்ந்தது. அதனாலேயே அது என் சிந்தனையை மிகவும் கவர்ந்தது.

மேகாங் ஆறு திபெத்தியப் பீடபூமியில் தோன்றி, சீனத்து யுன்னான் மலைகளைக் கடந்து, மியான்மரின் எல்லையைத் தொட்டு, லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியத்நாம் ஆகிய நாடுகளின் வழியே கடலை அடைகிறது. அதன் நீளம் 4,000 கிலோமீட்டருக்கும் மிகுதி. நெடுந்தொலைவு அதுவே லாவோஸுக்கும் தாய்லாந்துக்கும் எல்லைக்கோடு. கம்போடியாவில் ஒரு விந்தையைக் காணலாம். மழைக்காலத்தில் மேகாங்கின் வெள்ளம் பெருகும்போது, அதன் கிளையாகிய தொன்லே சாப் ஆறு திசை மாறிப் பின்னோக்கி ஓடி அந்நாட்டின் பேரேரியை நிரப்பும். மழை ஓய்ந்ததும் அதே நீர் முன்னோக்கி வடியும். ஏரியின் மீன்வளமும், கீழே வியத்நாமியக் கழிமுகத்து நெல்வயல்களும் இந்த ஏற்றவற்றத்தை நம்பி வாழ்வன. மேலே ஒருவர் அணையிட்டால், கீழே உள்ளவரின் வலையும் ஏரும் அதனை உணரும்.

1954-ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டோடு இந்தோசீனத்தில் பிரெஞ்சு ஆட்சியின் போர் முடிந்தது. அதற்கு முன்னரே, பாங்காக்கில் இயங்கிய ஐக்கிய நாடுகளின் ஆசிய, தூரகிழக்குப் பொருளாதாரக் கமிஷன் இவ்வாற்றைப் பற்றி 1952-இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அக்கமிஷனின் முதல் நிர்வாகச் செயலாளராக 1947 முதல் 1956 வரை விளங்கியவர் தமிழராகிய பொருளியல் அறிஞர் பி. எஸ். லோகநாதன் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1957-இல் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, தென்வியத்நாம் ஆகிய நான்கும் சேர்ந்து மேகாங் குழுவை நிறுவின. நால்வரும் ஒருமனப்பட்டாலன்றி முடிவில்லை என்பது அதன் விதி.

அதே ஆண்டின் இறுதியில், ஓய்வுபெற்ற அமெரிக்கப் படைப் பொறியாளர் ஜெனரல் வீலரின் தலைமையில் ஒரு தூதுக்குழு ஆற்றைப் பார்வையிட வந்தது. பேரணைகளின் படங்களை எதிர்பார்த்தவர்களுக்கு அது தந்த பதில் வேறு. முதலில் ஆற்றை அளந்தறியுங்கள் என்பதே அதன் கருத்து. நீர்மட்ட அளவுகோல்களை நடுவது, மழைமானிகளை வைப்பது, நிலப்படம் வரைவது, வண்டலைச் சோதிப்பது ஆகியவை தொடங்கின. பல நாடுகள் உதவின. இந்தியாவும் தொன்லே சாப் திட்ட ஆய்வில் பங்கு கொண்டது. கவர்ச்சியற்ற வேலைதான். ஆயினும் குழுவைக் காத்தது இந்த வேலையே என்பது என் கருத்து. பகைவனோடு நட்புப் பாராட்டுவது கடினம். அவன் கரையில் நீர் எத்தனை மீட்டர் உயர்ந்தது என்று கேட்டறிவது அவ்வளவு கடினமன்று.

சோதனை விரைவில் வந்தது. பிரியா விகார் கோயில் யாருக்கு உரியது என்ற வழக்கினிடையே, 1961-இல் கம்போடியா தாய்லாந்தோடு ராஜீய உறவை முறித்துக்கொண்டது. 1962-இல் உலக நீதிமன்றம் கோயில் கம்போடியாவுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது, கசப்பு மிகுந்தது. 1963-இல் கம்போடியா தென்வியத்நாமோடும் உறவை முறித்தது. தூதரகங்கள் மூடிக் கிடந்தன. ஆனால் மேகாங் குழு கூடியபோது மூன்று நாட்டுப் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்ந்தனர். அங்கே பேசப்பட்டவை வெள்ளமும் வண்டலும் மின்சாரமுமே.

இதன் சிறந்த கனி லாவோஸில் நாம் நும் என்னும் கிளையாற்றில் எழுந்த அணை. 1966-இல் உலக வங்கியின் மேற்பார்வையில் பல நாடுகள் நிதி தர உடன்பட்டன. அணை எழும் காலத்தில் லாவோஸுக்கு மின்சாரமும் சிமென்டும் தாய்லாந்து கொடுத்தது. கடனைப் பின்னர் அணையின் மின்சாரத்தைக் கொண்டே தீர்ப்பது என்பது ஏற்பாடு. சுற்றிலும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்க, 1971-இல் 30 மெகாவாட் திறனோடு முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. 1975-இல் லாவோஸில் பொதுவுடைமை ஆட்சி ஏற்பட்டது; எல்லை அடைபட்டது. மின்கம்பி மட்டும் ஆற்றின் மேலே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தாய்லாந்துக்கு விளக்கு வேண்டும், லாவோஸுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். இருவருக்கும் கம்பியை அறுக்க மனமில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, குழு போரைத் தடுத்தது என்று நான் சொன்னால் அது பொய்யாகும். வியத்நாம் எரிந்தது, கம்போடியா அதனினும் கொடிய துயரில் ஆழ்ந்தது. அளவைப் பணியில் ஈடுபட்டவர்கள் சிலர் தம் உயிரையே இழந்தனர். கம்போடியாவின் பிரெக் நோத் அணைப்பணி போரினால் நின்றது. கெமர் ரூஜ் ஆட்சியில் கம்போடியா குழுவிலிருந்து விலக, எஞ்சிய மூவரும் 1978-இல் இடைக்காலக் குழுவாக இயங்கினர். அந்த வெற்று நாற்காலிக்காகவே ‘இடைக்கால’ என்ற சொல்லைச் சேர்த்தனர் போலும்.

கம்போடியாவில் அமைதி திரும்பியபின், 1995 ஏப்ரல் 5-ஆம் நாள் சியாங் ராய் நகரில் நால்வரும் புதிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, மேகாங் ஆற்று ஆணையத்தை அமைத்தனர். இதில் எவருக்கும் தடையுரிமை இல்லை. முதன்மை ஆற்றில் அணை கட்ட விரும்புவோர் மற்றவர்க்கு முன்னறிவித்துக் கலந்து பேசவேண்டும் என்ற கடமையே உண்டு. கீழ்க்கரை நாடுகள் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு இடையே லாவோஸின் சயாபுரி அணை எழுந்து 2019-இல் இயங்கத் தொடங்கியபோது, இவ்விதியின் வலிமைக் குறைவு வெளிப்பட்டது. 2025-இல் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் மீண்டும் மோதிக்கொண்டன. உயிர்கள் பல மாண்டன.

மேற்கரை நாடாகிய சீனம் இவ்வாணையத்தில் உறுப்பினர் அன்று. ஆயினும் 2002-இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி வெள்ளக்காலத்து நீர்மட்டக் கணக்கைக் கீழ்க்கரை நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 2020-இல், கோடைக்காலக் கணக்கையும் சேர்த்து ஆண்டு முழுவதும் தர இசைந்தது.