ஸுபைதா பாதை: பாலைவனத்தில் தண்ணீர் காத்திருந்த இடங்கள்

ஹஜ் மாதங்கள் நெருங்கினால் நம் பயான்களில் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு. கலீஃபா ஹாரூன் ரஷீத் அவர்களின் துணைவியார் ஸுபைதா அம்மையார் ஹாஜிகளுக்காகக் கால்வாய் வெட்டினார் என்பதே அது. செய்தி மெய்யானது, ஆயினும் அது பாதிக் கதைதான். ஹுனைன், நுஃமான் பள்ளத்தாக்குகளிலிருந்து மக்காவுக்கும் அரஃபாவுக்கும் நீர் கொணர்ந்த 'ஐன் ஸுபைதா' வேறு. இராக்கின் கூஃபாவிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் 'தர்ப் ஸுபைதா' என்னும் பாதை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நம்மிடையே பழகிவிட்டது. அந்தப் பாதையையும், அதன் ஓரத்தில் இருந்த தங்குமிடங்களையும் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

பாதைக்கு அம்மையாரின் பெயர் நிலைத்துவிட்ட போதிலும், அதைத் தொடங்கியவர் அவர் அல்லர். முதல் அப்பாஸிய கலீஃபா ஸஃப்பாஹ், ஹிஜ்ரி 134-இல் கூஃபாவிலிருந்து மக்கா வரை மைல்கற்களையும் வழிகாட்டும் தீக்கோபுரங்களையும் நிறுவக் கட்டளையிட்டார் என்று தபரீ எழுதுகிறார். பின்னர் கலீஃபா மஹ்தி, ஹிஜ்ரி 161-இல் தங்குமிடங்களைப் பெரிதாக்கவும், நீர்த்தேக்கங்களைக் கட்டவும் ஆணையிட்டார். எழுத்துப் பொறித்த மைல்கற்கள் சில இன்றும் கிடைத்துள்ளன. இத்தொடரில் வந்து, தம் சொந்தச் செல்வத்தை வாரி இறைத்தவரே ஸுபைதா அம்மையார். அவர் ஹிஜ்ரி 216-இல் (கி.பி. 831) பக்தாதில் மறைந்தார்.

இவ்வழியில் 27 பெரிய தங்குமிடங்களும், அவற்றுக்கு இடையே 27 சிறிய தங்குமிடங்களும் இருந்தன. ஒரு பெரிய தங்குமிடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒட்டக வாகனத்துக்கு அது ஒரு நாள் வழி. இடைப்பட்ட சிறிய இடங்களுக்கு 'முதஅஷ்ஷா' என்று பெயர். இரவுணவு உண்ணும் இடம் என்று பொருள். கோட்டை, பள்ளிவாசல், கடைவீதி, கிணறு ஆகியன பெரிய ஊர்களில் இருந்தன. இவை யாவற்றிலும் உயிரானது 'பிர்கா' எனப்பட்ட நீர்த்தேக்கமே.

மழை அங்கே எப்போதாவதுதான் பெய்யும். பெய்தால் வறண்ட ஓடைகளில் வெள்ளமாகப் பாயும். அந்த வெள்ளத்தைத் தடுப்புச் சுவர்கள் கட்டித் திருப்பினார்கள். நீர் நேராகப் பெரிய தேக்கத்துக்குள் செல்லாது. முதலில் சிறு தொட்டி ஒன்றில் நின்று மண்டியும் மணலும் அடியில் படிய, தெளிந்த நீர் மட்டுமே அப்பால் வழியும். தேக்கங்கள் சில சதுரமானவை, சில வட்டமானவை. உட்சுவர்களுக்குச் சாந்து பூசி, நீர் குறையக் குறைய இறங்கி மொள்ளுவதற்குப் படிகளும் அமைத்தார்கள். ரபதாவில் உள்ள பெரிய வட்டத் தேக்கத்தின் படத்தைக் கண்டவர்கள், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் வளைவு குலையாதிருப்பதைக் கண்டு வியப்பார்கள். அதைக் கட்டிய கொத்தர்களின் பெயர் எந்தத் தாரீக்கிலும் இல்லை.

கி.பி. 1184-இல் ஹஜ்ஜை முடித்து இவ்வழியே பக்தாதுக்குத் திரும்பிய இப்னு ஜுபைர், அம்மையாரின் கொடை இல்லையேல் இப்பாதையில் எவரும் நடந்திருக்க முடியாது என்று கருதினார். ஆனால் அவரே இன்னொன்றையும் மறைக்காமல் எழுதினார். ஸஅலபிய்யாவில் தண்ணீரைக் கண்டதும் கூட்டம் முண்டியடித்தது. அந்நெரிசலில் சிலர் மிதிபட்டு இறந்தார்கள். புண்ணியப் பயணத்திலிருந்து திரும்புகிற மக்களே ஒருவரையொருவர் மிதித்துக் கொண்டார்கள் என்பதைப் படிக்கும்போது மனம் துணுக்குறுகிறது. ஜித்தாவில் இறங்கிப் பேருந்துக்கு அரை மணி நேரம் நிற்க நேர்ந்தாலே நாம் எவ்வளவு முணுமுணுக்கிறோம்!

நடுவழியில் இருந்த ஊர் ஃபைத். திரும்பும் வழிக்கான உணவுப் பொருள்களில் ஒரு பகுதியை, ஹாஜிகள் அங்கே அறிமுகமானவர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்வது வழக்கம். அதே வேளையில், சுற்றுப்புறக் கூட்டத்தார் கொள்ளைக்குத் துணியாதிருக்க, ஊருக்குள் போர்க்கோலம் பூண்டே நுழைந்தார்கள். அமானிதமும் அச்சமும் ஒரே ஊரில் அருகருகே இருந்தன.

அச்சம் வீணானதன்று. ஹிஜ்ரி 294-லும் 312-லும் கர்மத்தியர்கள் ஹஜ் கூட்டங்களைத் தாக்கிப் பெருங்கொலை புரிந்தனர். அபூதர் அல்கிஃபாரி (ரலி) அவர்கள் வாழ்ந்து மறைந்த ரபதா, ஹிஜ்ரி 319-இல் பாழாயிற்று. 1258-இல் பக்தாத் மங்கோலியரிடம் வீழ்ந்தபின், பாதையைப் பேண வலுவான அரசு இல்லை. 1326-இல் இப்னு பதூதா இவ்வழி சென்றபோதும் தேக்கங்கள் பலவற்றில் நீர் இருந்தது. எனினும் தூர் வார ஆளில்லாத நீர்நிலை எத்தனை காலம் தாங்கும்? வெள்ளம் கொணர்ந்த மண்ணே ஒவ்வொன்றாக அவற்றை மூடியது.

மீட்பு 1970-களில் தொடங்கியது. சவூதி தொல்லியல் துறை பாதையை அளந்து பதிவு செய்தது. அறிஞர் ஸஅத் அல்ராஷித் தலைமையில், 1979 முதல் மன்னர் ஸஊத் பல்கலைக்கழகம் ரபதாவை அகழ்ந்தது. பள்ளிவாசல்கள், நாணயங்கள், கண்ணாடிக் கலங்கள் ஆகியவற்றோடு, வீடுகளின் தரைக்கடியில் நீர்த்தொட்டிகளும் வெளிப்பட்டன. ஃபைதில் இன்று அருங்காட்சியகம் உண்டு. 2022-இல் இப்பாதை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

அறிவிப்புப் பலகையும் வேலியும் நட்டுவிட்டால் மீட்பு முடிந்துவிட்டது என்று நாம் எண்ணவில்லை. இவை பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல, குடிப்பதற்காகக் கட்டப்பட்டவை. அவ்வகையில் நமக்கு நிறைவளிப்பது வேறொரு செய்தி. சில தேக்கங்களில் மண்ணை அள்ளி, வாய்க்கால்களைச் சீர்செய்திருக்கிறார்கள். நல்ல மழை பெய்த குளிர்காலங்களில் அவை மீண்டும் நிரம்புகின்றன. பழைய படிகள் ஒவ்வொன்றாக நீருக்குள் மறைகின்றன.