சிலிலீன்: கணக்கு முந்திய வேதியியல்

ரமணாசிரமத்துக்குப் பின்னால் எழும் அருணாசல மலையின் பாறையில் ஒவ்வொரு சிலிக்கன் அணுவும் நான்கு ஆக்சிஜன்களைப் பற்றிக்கொண்டு யுகக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. அதே சிலிக்கனுக்கு இரண்டு பிணைப்புகள் மட்டுமே இருந்தால் அது சிலிலீன். எதிர்ப்படும் மூலக்கூறோடெல்லாம் வினைபுரியத் துடிக்கும். கார்பனில் இதற்கு இணையானது கார்பீன்.

இத்துறையில் குடுவையைக் கணக்கு முந்தியதுண்டு. எளிய கார்பீனான மெத்திலீன் நேர்கோட்டு வடிவுடையது என்று நிறமாலையைக் கொண்டு ஹெர்ஸ்பெர்க் கருதியிருந்தார். வளைந்தது என்றது 1960இல் ஃபாஸ்டர், பாய்ஸ் இருவரின் கணக்கு. 1970இல் பெண்டரும் ஷேஃபரும் கோணம் சுமார் 135 பாகை என்று கணக்கிட்டார்கள். அதே ஆண்டு ஆய்வக அளவீடுகளும் அதை உறுதிசெய்தன. ஹெர்ஸ்பெர்க் தம் முடிவை மாற்றிக்கொண்டார்.

இப்படித் துடிக்கும் மூலக்கூறுகளைக் குடுவையில் நிலைக்கச் செய்யவும் முடிந்தது. பெர்ட்ராண்ட் 1988இல் பிரித்தெடுத்த நிலையான கார்பீனில் சிலிக்கனும் பாஸ்பரசும் இருபுறமும் தாங்கி நின்றன. நைட்ரஜன் கொண்ட வளையத்துக்குள் சிலிலீனை நிலைநிறுத்தியவர்கள் டெங்க், வெஸ்ட் குழுவினர், ஆண்டு 1994.

சிலிலீனில் ஒரு தனித்த இரட்டை எலக்ட்ரானும் ஒரு காலி ஆர்பிட்டாலும் அருகருகே உள்ளன. ஒன்று கொடுக்க, மற்றொன்று வாங்க, ஹைட்ரஜன் மூலக்கூறின் வலுவான பிணைப்பும் அறுந்துவிடும். பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களின் வேலை இது. எலக்ட்ரான் இரட்டைக்கும் காலி ஆர்பிட்டாலுக்கும் இடையிலான ஆற்றல் இடைவெளி குறுகினால் வினை எளிதாகும். எந்தத் தொகுதியை இணைத்தால் அது குறுகும் என்பதைக் கணினி சொல்லிவிடுகிறது.

கோட்டிங்கனில் ரோஸ்கி ஆய்வகத்தில் அனுகுல் ஜானா 2009இல் சிலிலீனைக் கொண்டு அம்மோனியாவைப் பிளந்தார். 2012இல் ஆல்ட்ரிட்ஜ் குழுவின் சிலிலீன் 0 டிகிரி செல்சியஸிலேயே ஹைட்ரஜனைப் பிளந்தது. ஆனால் வினை முடிந்ததும் சிலிக்கன் பழைய நான்கு பிணைப்புக்கே திரும்பிவிடுகிறது. அங்கிருந்து அதை மீட்டால்தான் வினையூக்கி கிடைக்கும். இத்துறையின் உண்மையான முட்டுக்கட்டை இதுவே.

2020இல், அறை வெப்பநிலையில் நிலைக்கும் சிலிக்கன்-கார்பன் மோனாக்சைடு சேர்மம் நேச்சர் கெமிஸ்ட்ரி இதழில் வெளியானது. கட்டுரையின் முதல் ஆசிரியர் கணேசமூர்த்தி. சேர்மம் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்-எசன் பல்கலைக்கழகத்தில் ஷுல்ஸ் குழுவில் உருவானது. கணக்கீட்டில் ஷ்ரைனர் துணைநின்றார்.

இதற்கு முன்பே, 2013இல், இரண்டு கார்பீன்களுக்கு நடுவே ஒற்றைச் சிலிக்கன் அணுவை நிறுத்திய சிலாடைகார்பீனை கார்த்திக் சந்திர மண்டலும் ரோஸ்கியும் கோட்டிங்கனில் உருவாக்கினர். அதன் பிணைப்பைக் கணக்கிட்டு விளக்கியவர் ஃப்ரெங்கிங். மண்டல் பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார்; அதனால் இத்தகைய மூலக்கூறுகளின் பிணைப்பைக் கணினியில் அலசும் பணி இன்று தமிழ்நாட்டிலும் நடக்கிறது.