பசியறிந்து உண்ணல்: உணவுக் கட்டுப்பாட்டுக்கு மாற்றாகத் தில்லியில் அது நிற்குமா?

முன்னுரை

அமெரிக்க உணவியலாளர்கள் எவ்லின் ட்ரிபோலியும் எலைஸ் ரெஷ்ஷும் 1995இல் வெளியிட்ட நூல், எடை குறைப்பதற்காக உணவைச் சுருக்கும் முறைக்கு எதிராகப் பத்துக் கொள்கைகளை வகுத்தது. பசியை மதித்தல், வயிறு நிறைந்ததை உணர்ந்து நிறுத்தல், எந்த உணவையும் குற்றமாகக் கருதாதிருத்தல் ஆகியவை அவற்றுள் தலையாயவை. இதனைத் தமிழில் ‘உள்ளுணர்வு உணவு’ என்றால், தோன்றியதைத் தோன்றியபோது தின்பது என்று பொருள் திரிந்துவிடும். ‘பசியறிந்து உண்ணல்’ என்பதே பொருந்தும். முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின், அளவோடு உண்ணச் சொல்கிறது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம். எனவே கருத்து நமக்குப் புதிதன்று. தில்லி போன்ற ஒரு பெருநகரில் அது டயட்டுக்கு மாற்றாக முடியுமா என்பதே ஆய்வுக்குரியது. முடியும், ஆனால் பசியை அறிவதற்கான சூழலை வீடும் அரசும் அமைத்துத் தந்தால்தான் முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கட்டுப்பாடு தோற்பதன் காரணம்

1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், உடல்நலமுள்ள 36 ஆண்கள் ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்று உணவில் இருந்தனர். அவர்களின் சிந்தனை முழுவதையும் சோறே பிடித்துக்கொண்டது. கட்டுப்பாடு நீங்கிய பின்னும் சிலருக்கு எவ்வளவு உண்டாலும் பசி அடங்கவில்லை. 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கான உடலியல் காரணத்தைக் காட்டியது. பத்து வாரம் கடும் டயட்டில் இருந்த, உடல் எடை மிகுந்தவர்களிடம், ஓராண்டு கழித்தும் பசியைத் தூண்டும் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. குறைந்த எடை மீண்டும் ஏறும்போது நாம் ‘வாயைக் கட்ட முடியாதவர்’ என்று பழிக்கிறோம். அந்தப் பழி நியாயமற்றது. அங்கே தோற்றது மனவுறுதியன்று. பட்டினி வந்துவிட்டதென்று எண்ணி உடல் தன்னைக் காத்துக்கொண்டது.

தில்லி உடலின் வரலாறு

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தில்லியில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 41 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். அதே வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தசோகை. ஒரே நகரில், பல வேளைகளில் ஒரே உடலில், மிகையும் குறையும் சேர்ந்திருக்கின்றன. இத்தகைய பெண்ணிடம் ‘பாதியாகக் குறைத்துச் சாப்பிடு’ என்றால் அவருக்குக் கிடைக்கும் இரும்புச்சத்தும் பாதியாகும்.

தெற்கு தில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்துவரும் ஆய்வு இன்னும் ஆழமான உண்மையைச் சொல்கிறது. அவர்களுள் 1,492 பேரை 26 முதல் 32 வயதில் பரிசோதித்து, சந்தோஷ் பார்கவா குழுவினர் 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். சர்க்கரைக் கோளாறு கண்டவர்கள், பொதுவாக இரண்டு வயதுவரை மெலிந்திருந்து பிறகு விரைவாகச் சதை போட்டவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூடப் பருமனாக இல்லை. அப்படியானால் எடை என்பது இன்றைய தட்டின் குற்றக்கணக்கு அன்று. குழந்தைப் பருவத்திலேயே எழுதத் தொடங்கிய வரலாறு. மூன்று மாத டயட் அதை அழித்து எழுதிவிடாது.

எதிர்வாதங்கள்

பசியறிந்து உண்ணலுக்கு எதிரான வாதங்களையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். முதலாவது, பசியுணர்வை ஏமாற்ற முடியும். கெவின் ஹால் அமெரிக்காவில் நடத்தி 2019இல் வெளியிட்ட சோதனையில் 20 பேர், மிகையாகப் பதப்படுத்திய உணவு தரப்பட்ட இரண்டு வாரங்களில், பதப்படுத்தாத உணவு தரப்பட்ட இரண்டு வாரங்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர். இரு வகை உணவையும் விரும்பிய அளவு உண்ணவே அவர்களுக்கு அனுமதி இருந்தது. சிப்ஸும் குளிர்பானமும் சில நிமிடங்களில் வாசலுக்கு வரும் தில்லியில் இது சிறிய தடையன்று. இரண்டாவது, நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர் பசியை மட்டும் நம்ப இயலாது. மருத்துவர் சொல்லும் நேரமும் அளவும் அவருக்கு இன்றியமையாதவை. மூன்றாவது, இம்முறை எடையைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உணவு குறித்த அச்சமும், அடக்கி அடக்கிப் பின் அள்ளி உண்ணும் பழக்கமும் குறைவாக இருப்பதோடுதான் ஆய்வுகள் இதனைத் தொடர்புபடுத்துகின்றன. அதுவே பெரிய பயன். எடைக்குறைப்பு என்ற பொய் வாக்குறுதி அதற்குத் தேவையில்லை.

நான்காவது வாதம் வீட்டுக்குள் இருக்கிறது. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சூடாக ரொட்டி போட்டுக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் உண்ணும் பெண்ணுக்குப் பசித்த நேரம் தெரிந்து என்ன பயன்? பசியறிதல் அறிவு மட்டுமன்று, உரிமையும் ஆகும்.

சூழல் என்னும் பொறுப்பு

இவ்வுரிமையில் அரசுக்கும் பங்குண்டு என்பதற்குத் தில்லியே சான்று. பள்ளிகளுக்கு அருகே நொறுக்குத்தீனி விற்பதற்கு எதிராக உதய் அறக்கட்டளை 2010இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 2015இல் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் தொடர்ச்சியாக, 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் வந்தன. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் அவ்விதிகள் தடை செய்கின்றன. குழந்தையின் பசியைக் கெடுக்கும் வணிகத்தைத் தடுப்பது குழந்தையைக் கட்டுப்படுத்துவது ஆகாது. அதன் பசியைக் காப்பது ஆகும்.

முடிவுரை

நோய்க்கான மருத்துவத்தின் இடத்தைப் பசியறிந்து உண்ணல் பிடிக்க முடியாது. குற்றவுணர்வையே முதலாகக் கொண்ட டயட்டின் இடத்தை அது பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். அதற்கு மூன்று தேவை: வீட்டில் எல்லாரும் சேர்ந்து உண்ணும் ஒரு வேளை, பள்ளி விதிகளின் உண்மையான அமலாக்கம், எடை எந்திரத்தின் எண்ணுக்கு முன் நோயாளியின் உணவு வரலாற்றைக் கேட்கும் மருத்துவம். இவற்றில் முதலாவதற்குச் சட்டமோ பணமோ வேண்டியதில்லை. இன்றிரவு குழந்தை ‘போதும்’ என்றால் தட்டில் இன்னொரு கரண்டி வைக்காதீர்கள். சமைத்தவரை முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.