பின் கார்டு முதல் போர்ட் 9000 வரை

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. "கனெக்‌ஷன் அக்கா" என்று கேட்டால் டீக்கடையிலேயே வழி சொல்லிவிடுவார்கள். கம்பெனியின் கணக்கு ஓரிடத்தில் கிடக்கும். அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் வேறிடத்தில் உட்கார்ந்திருப்பார். இரண்டையும் சேர்த்து வைப்பதும், அறுந்து போனால் எங்கே அறுந்தது என்று தேடிப் பிடிப்பதும்தான் என் பிழைப்பு. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகள், இது கிளவுடும் டாஷ்போர்டும் வந்த பிறகு பிறந்த வேலை என்று நினைக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் இது கம்ப்யூட்டருக்கும் மூத்த வேலை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சென்னையின் மேற்கு ஓரம் கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தது. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. 1959இல் டன்லப் வந்தது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் லூக்காஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா என்று வரிசையாக எழுந்தன. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டையைத் திறந்த அரசு, 1964இல் அம்பத்தூர் எஸ்டேட்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஆலைகளின் எண்ணிக்கையை அல்ல, அவை ஒன்றையொன்று நம்பிப் பிழைத்த விதத்தை. வார்ப்பு ஒரு பட்டறையில், கடைசல் இன்னொன்றில், முலாம் பூசுவது மூன்றாவதில், பூட்டுவது பெரிய ஆலையில். ஒரு சின்ன பிராக்கெட் நாலு வாசல் ஏறி இறங்கும். ஏறும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு டெலிவரி சலான். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது, எவ்வளவு கழிவு என்று யாராவது நாலு வாசலின் நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். எஸ்டேட் பிறந்த நாளிலேயே என் தொழிலும் பிறந்துவிட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்பாவின் ஸ்டோர்ஸில் ஒவ்வொரு ரேக்கிலும் ஒரு அட்டை தொங்கும். அதுதான் பின் கார்டு. சாமான் உள்ளே வந்தால் ஒரு வரி, வெளியே போனால் ஒரு வரி, வலது ஓரத்தில் இருப்பு. அதே சாமானுக்கு அக்கவுண்ட்ஸ் அறையில் ஒரு லெட்ஜர். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரே இணைப்பு, கார்பன் வைத்து நாலு நிறத்தில் எழுதிய சரக்கு வரவுச் சீட்டு. அந்தச் சீட்டில் ஒன்று காணாமல் போனால் அட்டை ஒன்று சொல்லும், லெட்ஜர் ஒன்று சொல்லும். மார்ச் கடைசியில் அப்பா இரவு பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார். சட்டைக் கை முழுக்க கார்பன் நீலம். "இன்னைக்கு எட்டு அயிட்டம் சேர்ந்துச்சும்மா, இன்னும் மூணு சேரலை" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். கணக்கு 'சேர்வது' என்ற சொல்லை நான் கற்றது அந்தச் சாப்பாட்டுப் பலகையில்தான்.

நான் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தது 1988இல். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரம். என் இடத்துக்கு ஈ.டி.பி. அறை என்று பெயர், அதாவது எலக்ட்ரானிக் டேட்டா பிராசஸிங். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஏனென்றால் கம்பெனியிலேயே ஏ.சி. இருந்த இரண்டாவது அறை அது. டிபேஸ் த்ரீ பிளஸில் வேலை. அந்த மென்பொருளில் ஒரு பத்தியின் பெயர் 10 எழுத்தைத் தாண்டக் கூடாது. அதனால் 'பார்ட் நம்பர்' என்பதை ஸ்டோர்ஸ் ஒரு மாதிரி சுருக்கியது, கொள்முதல் வேறு மாதிரி சுருக்கியது, தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் 'அயிட்டம் கோடு' என்றே வைத்துவிட்டார்கள். மூன்றும் ஒரே எண். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது மூன்று அந்நியர்கள். பெயர்களைப் பொருத்தி ஒரு பட்டியல் போட்டு, மூன்று கோப்பையும் ஒன்றாகக் கோத்து, எந்தச் சப்ளையரின் சரக்கு அதிகம் திரும்பிப் போகிறது என்று முதன்முதலாக ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். மேனேஜர் அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தார். "இது முன்னாடியே நம்மகிட்ட இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். இருந்தது சார், மூன்று அறையில் இருந்தது என்றேன்.

அந்த நாளின் இணைப்புக் கோளாறு கையால் தொடக்கூடியது. கோஆக்சியல் கேபிள் ஒன்று எல்லாக் கம்ப்யூட்டரையும் தொட்டுக்கொண்டு வரிசையாக ஓடும். இரண்டு முனையிலும் விரல் நுனி அளவில் 50 ஓம் டெர்மினேட்டர் ஒன்று மாட்டியிருக்கும். அதில் ஏதாவது ஒன்று கழன்றால் அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் நிற்காது, மொத்த வரிசையும் நின்றுவிடும். சில மாதங்கள் எங்களுக்குத் தினமும் காலை எட்டே முக்காலுக்கு நெட்வொர்க் விழுந்தது. கார்டை மாற்றினோம், கேபிளை மாற்றினோம். கடைசியில் ஒரு நாள் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்து பார்த்தேன். கூட்ட வந்த ஆயா கடைசி மேசைக்கு அடியில் துடைப்பத்தை விடும்போது டெர்மினேட்டர் அரைச் சுற்று திரும்பியது. அவ்வளவுதான். ஆயாவிடம் காட்டி, "இதை மட்டும் தொடாம கூட்டுங்கம்மா" என்றேன். அதன் பிறகு அந்த முனையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். கோளாறு நடக்கும் நேரத்தில் கோளாறு நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை.

1990களின் நடுவில் எல்லாம் வேகம் பிடித்தது. அதற்கு இரண்டு காரணம். 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. ஃபோர்டு மறைமலைநகருக்கு வந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகள் கூடின. கார் கம்பெனிகள் பாகத்தை மட்டும் கேட்கவில்லை, பாகத்தோடு எண்களையும் கேட்டன. பத்து லட்சத்துக்கு எத்தனை பழுது, எத்தனை நாள் தாமதம் என்று மாதாமாதம் கொடுக்க வேண்டும். இன்னொரு காரணம் இந்தப் பக்கத்துக்கே உரிய பெருமை. 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதை வாங்கிய முதல் நிறுவனம். 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003இல் ரானே பிரேக் லைனிங், 2004இல் லூக்காஸ் டி.வி.எஸ். என்று பாடி, அம்பத்தூர் பெயர்கள் தொடர்ந்தன. அந்தப் பரிசின் அடிவேர் அளவீட்டில் இருக்கிறது. மணிக்கு ஐந்து பாகம் எடுத்து, அளந்து, சராசரியும் வீச்சும் கணக்கிட்டு, வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். 1924இல் பெல் கம்பெனியில் வால்டர் ஷூஹார்ட் உண்டாக்கிய முறை. அவரே 1947–48இல் இந்தியாவுக்கு வந்து இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் எஸ்டேட்டில் லேத் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு தொங்கிய பச்சைக் கட்டத் தாள் அந்த வழியில் வந்தது. அந்தத் தாளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

சரியாக அந்தச் சமயத்தில்தான் ஓ.டி.பி.சி. கைக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் 1992இல் வெளியிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித்தனி வழி எழுத வேண்டும். இது வந்த பிறகு, கேட்கிறவர் ஒரே மொழியில் கேட்டால் போதும், டேட்டாபேஸுக்கு ஒன்றாக இருக்கும் டிரைவர் அதை அதனதன் பாஷையில் போய்ச் சொல்லும். எக்செல்லில் உட்கார்ந்தபடியே ஃபாக்ஸ்ப்ரோ கோப்பைத் திறந்த அன்று எங்கள் அறையில் மூன்று பேரும் எழுந்து நின்று பார்த்தோம். ஓ.டி.பி.சி. வெளிவந்து ஐந்து வருடம் கழித்து ஜாவாவுக்கு ஜே.டி.பி.சி. வந்தது. இன்று பவர் பி.ஐ., டாப்லோ எதுவாக இருந்தாலும் டேட்டாவை இணைக்கும்போது அடியில் பல நேரம் இந்த மாதிரி டிரைவர்தான் ஓடுகிறது.

வசதி கூடியது, கோளாறு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. ஆரக்கிளில் 12154 என்ற எண்ணோடு ஒரு பிழை வரும். கொடுத்த பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். டேட்டாபேஸ் நன்றாகத்தான் இருக்கும். முகவரி எழுதிய கோப்பில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கும். டி.எஸ்.என். என்று ஒன்று இருக்கிறது, எந்த டேட்டாபேஸுக்கு எந்த டிரைவரில் போவது என்று குறித்துவைக்கும் பெயர். அதை யூசர் என்று போட்டால் போட்டவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், சிஸ்டம் என்று போட்டால்தான் அந்தக் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் தெரியும். பகலில் ஓடுகிற ரிப்போர்ட் ராத்திரி தானாக ஓடும்போது மட்டும் விழுகிறதென்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ராத்திரி ஓட்டுவது வேறு லாகின்.

சின்ன யூனிட்டுகளில் கதை டாலியில் நடந்தது. 1986இல் பெங்களூரில் கோயங்கா குடும்பம் தொடங்கிய கணக்கு மென்பொருள். எஸ்டேட்டில் டாலி இல்லாத கணக்கு மேசையை நான் பார்த்ததில்லை. அதற்குள்ளும் ஓ.டி.பி.சி. கதவு ஒன்று உண்டு, வழக்கமாக போர்ட் 9000. ஆனால் டாலி திறந்திருந்து, உள்ளே கம்பெனியும் ஏற்றப்பட்டிருந்தால்தான் அந்தக் கதவு பதில் சொல்லும்.

2015 டிசம்பர் முதல் வாரத்து வெள்ளத்தை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டோம். பிரஸ் பாகம் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் தண்ணீர் முழங்கால் வரை நின்றது. சர்வர் மேசைக்கு அடியில், தரையில் இருந்தது. சேறும் ஆயிலும் கலந்து உள்ளே போய்விட்டது. முதலாளியின் அண்ணிதான் அங்கே கணக்கு பார்ப்பவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் டாலி டேட்டாவைப் பென் டிரைவில் எடுத்து, திருமுல்லைவாயிலில் மாடி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். அந்தப் பழக்கம் கம்பெனியைக் காப்பாற்றியது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கி டேட்டாவை ஏற்றியாயிற்று. மறுநாள் காலை இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருகிறார், நவம்பர் கடைசி ஸ்டாக் பட்டியல் வேண்டும். அதைக் கொடுக்கும் எக்செல் ரிப்போர்ட் திறக்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனேன். டிரைவருக்கும் கேட்கும் மென்பொருளுக்கும் அமைப்பு பொருந்தவில்லை என்று திரையில் பிழை. பழைய கம்ப்யூட்டரில் ஆபீஸ் 32 பிட். புதிதில் 64 பிட். அங்கிருந்த டாலி டிரைவர் 32 பிட். விண்டோஸில் இதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது: 64 பிட் ஓ.டி.பி.சி. கருவி இருப்பது 'சிஸ்டம்32' என்ற கோப்புறையில், 32 பிட் கருவி இருப்பது 64 என்று முடியும் கோப்புறையில், இரண்டு கருவிக்கும் ஒரே பெயர். எத்தனையோ பேர் தவறான கருவியில் டி.எஸ்.என். போட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறார்கள். ஆபீஸைக் கழற்றி 32 பிட் போட்டோம். கதவு திறந்தது. பட்டியல் வந்தது, ஆனால் நாற்பது அயிட்டம் குறைந்தது. ஸ்டாக்கில் 'பிராக்கெட் எல்.எச்.' என்று புள்ளியோடு இருந்த பெயர் ரிப்போர்ட்டில் புள்ளியில்லாமல் இருந்தது. அண்ணி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல, நான் திருத்தினேன். பதினொரு மணிக்கு அவர் பேனாவை மூடிவைத்து, "சேர்ந்துடுச்சு" என்றார். அப்பாவின் சொல்.

பெயர், முகவரி, அனுமதி, இரு பக்கமும் ஒத்துக்கொண்ட பாஷை. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பகுதி இந்த நாலில் ஒன்றில்தான் அடங்கியது, பின் கார்டு காலத்திலும் சரி, இப்போதும் சரி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சப்ளையரின் பில்லும் நம் கணக்கும் பொருந்த வேண்டும் என்று அரசே கேட்கத் தொடங்கியது. எஸ்டேட் திணறியது. எங்கள் ஈ.டி.பி. அறைக்காரர்கள் திணறவில்லை. அதே நாலு வாசல், அதே சலான்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் கதை எழுதப்படும்போது முதலாளிகளும் இயந்திரங்களும் இடம்பெறுகிறார்கள். ஸ்டோர்ஸ் கிளார்க்கும் பஞ்ச் ஆபரேட்டரும் எங்கேயும் இல்லை. பாடியிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உங்கள் வீட்டுப் பரணில் பழைய பின் கார்டு, பச்சைக் கட்டத் தாள், ஃபிளாப்பி, கையால் எழுதிய பெயர்ப் பொருத்தப் பட்டியல் எது கிடந்தாலும் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். எந்தக் கம்பெனி, எந்த வருடம், எழுதியவர் யார் என்று பின்பக்கம் பென்சிலால் குறித்து எடுத்துவையுங்கள். அப்பாவின் கையெழுத்தில் என்னிடம் மூன்று பின் கார்டுகள் இருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் எஸ்டேட்டில் கனெக்‌ஷன் அக்கா என்று கேட்டு வாருங்கள்.