பேய்க்கதையின் நேர்த்தொடர்ச்சி

மக்களிடையே செல்வாக்குப் பெற்ற பேய்க்கதையொன்று நாளடைவில் தளருமாயின், அதனை மீண்டும் எழுப்புவதற்கு முதற்கதையை அது நின்ற இடத்திலிருந்தே தொடர்தல் வேண்டுமா, அன்றிப் பெயரையும் கோலத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு புதுக்கதை புனைதல் அமையுமா என்பது இன்று தமிழ்த் திரைப்படங்களை முன்னிட்டு எழும் வினாவாகும். திரைப்படம் ஆராய்ச்சிக்குரிய பொருளன்று என்பாரும் உளர். ஆயினும் இவ்வினா திரைப்படத்தினும் மிகப் பழையது. ஆதலின் பழையதிலிருந்தே தொடங்குகின்றோம்.

திருவாலங்காட்டை அடுத்துள்ளது பழையனூர். பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையாரோடு தொடர்புடைய பகுதியும் இதுவே. கணவனாற் கொலையுண்ட பெண்ணொருத்தி பேயாகி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக இடுப்பில் ஏந்தி அவ்வூர்க்கு வந்து, அவனைப் பழிவாங்கினாள் என்பதும், அவனுக்குப் பிணைநின்ற வேளாளர் எழுபதின்மர் சொற்பிழையாது தீப்புகுந்தனர் என்பதும் நெடிது வழங்கும் வரலாறு. பழி தீர்ந்தது, கதையும் முடிந்தது. இக்கதையினை மீளவும் கூறப்புகுவோர் மற்றொரு கணவனையும் மற்றொரு கொலையையும் படைத்தல் எளிது. நீலகேசி ஆசிரியர் அவ்வாறு செய்திலர். பாஞ்சால நாட்டுப் புண்டவர்த்தனத்துச் சுடுகாட்டில் நோற்றிருந்த முனிச்சந்திரரை அச்சுறுத்தும் பொருட்டுப் பழையனூர் நீலியையே அவர் வரவழைக்கின்றார். அச்சுறுத்தலும் மயக்குதலும் பயனற்றுப்போகவே, அப்பேய் அறம் கேட்டுச் சமணத்தைத் தழுவிக் குண்டலகேசி முதலியோரோடு வாதம் புரிகின்றது. பேயின் கோலம் நீங்கிற்று. எதிர்நின்று வழக்குரைக்கும் அதன் இயல்பு நீங்கவில்லை. நேர்த்தொடர்ச்சி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தமிழில் நாம் கண்டிலோம்.

இனித் திரைப்படத்திற்கு வருவோம். ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த 'முனி' 2007இல் வெளிவந்தது. அதன் பின் 'காஞ்சனா' 2011இலும், 'காஞ்சனா 2' 2015இலும், 'காஞ்சனா 3' 2019இலும் வந்தன. எண்கள் தொடர்கின்றனவேயன்றிக் கதை தொடர்வதில்லை. அஞ்சும் இளைஞன், அவன் தாய், அவனுள் புகும் ஆவி என்ற அமைப்பு மட்டுமே மீள மீள வருகின்றது. முதலிரண்டு படங்களிலும் ஆவியின் குறை கற்பனைக் குறையன்று. முனியாண்டி, வாக்குறுதி தந்து ஏழை மக்களை ஏமாற்றிய அரசியல்வாதியாற் கொலையுண்டவன். சரத்குமார் நடித்த காஞ்சனா, வீட்டாற் புறக்கணிக்கப்பட்ட திருநங்கை. தன்னைப் போன்ற மற்றொருவரை மருத்துவராக்கி, மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கவர்ந்துகொள்ள, அந்நிலத்திலேயே புதையுண்டவள். இளைஞர் மட்டைப்பந்து ஆடும் வெற்றுமனை அது!

கூடுவாஞ்சேரியில் வாழ்வோர்க்கு இக்காட்சி புதிதன்று. ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கும், ஊரப்பாக்கம் முதல் மறைமலைநகர் வரை, வயல்கள் மனைகளாயின. கல் நட்டுக் கம்பிவேலியிட்ட வெற்றுமனையில் மாலைதோறும் சிறுவர் ஆடுவர். நந்திவரம்-கூடுவாஞ்சேரி 2021இல் நகராட்சியாயிற்று; கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. விலை ஏறும் நிலத்தில் 'இது யாருடையது, எவ்வாறு கைமாறியது' என்னும் வினா அச்சந்தருவது; பேய் அதன்பின் வருவதே. 'காஞ்சனா' பெற்ற வெற்றிக்கு நகைச்சுவையை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது என்பது நம் கருத்து. பின்வந்த படங்களில் ஆரவாரம் மிக்கது. குறையோ ஆவிக்கு ஒரு முன்கதை வேண்டும் என்பதற்காக வைத்தது போல் மெலிந்தது. வசூல் குறையவில்லையே எனின், அது வேறு கணக்கு.

நேர்த்தொடர்ச்சி எப்பொழுதும் நன்று என்பதும் எம் கருத்தன்று. 1993இல் பாசில் இயக்கிய 'மணிச்சித்ரத்தாழ்' என்னும் மலையாளப் படத்தின் வழிவந்தது பி. வாசுவின் 'சந்திரமுகி' (2005). சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய அப்படத்திற் பேயே இல்லை. கங்கை என்பாளின் மனநோயே பேயாகத் தோன்றிற்று, அதுவும் தீர்ந்தது. தீர்ந்த நோயை எங்ஙனம் தொடர்வது? 2023 செப்டம்பர் 28 அன்று வெளிவந்த 'சந்திரமுகி 2' அதே வேட்டையபுரம் அரண்மனைக்குச் சென்று, முன்னர் இல்லை என நிறுவிய ஆவியை உண்டென்றது. முதற்படம் அரிதின் ஈட்டிய தெளிவை அதன் தொடர்ச்சியே அழித்துவிட்டது. கன்னடத்தில் வாசுவே 2010இல் எடுத்த 'ஆப்தரட்சகா' வெற்றி பெற்றதே என்று வினவலாம். விஷ்ணுவர்த்தன் மறைந்து சில வாரங்களுள் வந்த அவருடைய இறுதிப்படம் அது. அவ்வெற்றியிற் கதைக்குரிய பங்கினைப் பிரித்தறிதல் அரிது.

சப்பானில் இவ்வினாவிற்குப் பெரியதொரு விடை கிடைத்தது. அணுகுண்டுச் சோதனையாற் கிளர்ந்தெழுந்த 'காட்சில்லா' 1954இல் தோன்றிப் பின் பல படங்களிற் சிறுவர்க்கு நண்பனாகவும் நடந்து தேய்ந்தது; 1975க்குப்பின் ஒன்பதாண்டு படமே இல்லை. 1984இல் தோகோ நிறுவனத்தார் இடைப்பட்ட படங்களை எல்லாம் விலக்கி, 1954ஆம் ஆண்டுப் படத்திற்கே நேர்த்தொடர்ச்சி எடுத்தனர். வல்லரசுகளின் அணுப்படைப் போட்டி அப்பொழுதும் ஓயாதிருந்தமையின், விலங்கு மீளுதற்கு வழக்கு இருந்தது.

ஆகவே, குறை தீர்ந்ததா என்பதே நாம் கேட்கவேண்டியது. 'சந்திரமுகி'யில் அது தீர்ந்தது, அவ்வீட்டைப் பூட்டிவிடலாம். 'காஞ்சனா'வில் கொன்றவர் மாண்டனரே ஒழிய, நிலத்தின் வழக்கு நிற்கின்றது. எடுப்பதாயின், நான்காவது ஐந்தாவது ஆவிகளை விடுத்து, 2011இல் அவள் விரும்பிய மருத்துவமனையின் வாயிலிலிருந்து தொடங்குதல் தகும்: அங்கே மருத்துவம் பார்ப்பவர் யார், அடுத்த மனையை விலைபேசி வருபவர் யார் என்று.