பதினாறு படிகள்

தீவுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழி சொல்லும் புத்தகங்களெல்லாம் கடற்கரையிலிருந்துதான் தொடங்குகின்றன. மொரீஷியஸ் தீவுக்கும் அப்படியே. பளிங்கு போன்ற நீர், அதைச் சுற்றி வேலி கட்டியது போல் பவளப் பாறைகள், வெண்மணல். இவற்றை நான் குறை சொல்ல வரவில்லை. மே மாதத்திலிருந்து நவம்பர் வரையில் போனால் வெயில் தொல்லை செய்யாது. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம், தவிர்ப்பது நலம். தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர்; அகலம் 45. காலையில் வடக்கே புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெற்கே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் என் பேச்சைக் கேட்பதானால், நீங்கள் முதலில் போக வேண்டியது கடற்கரைக்கு அன்று. தலைநகரான போர்ட் லூயித் துறைமுகத்தில் இருக்கும் 16 கற்படிகளுக்கு.

படிகளில் கால் வைக்குமுன் ஒரு கேள்வி. இந்தத் தீவு யாருக்குச் சொந்தம்?

கேட்பது சுலபம், பதில் சொல்வது கஷ்டம். ஏனென்றால் இங்கே ஆதிக்குடிகள் என்று யாரும் கிடையாது. 1598இல் டச்சுக்காரர்கள் தென்கிழக்குக் கரையில் இறங்கித் தங்கள் இளவரசர் மாரிஸின் பெயரைத் தீவுக்குச் சூட்டியபோது, அவர்களை எதிர்கொண்டவை பறவைகளும் ஆமைகளுமே. அவற்றில் ஒன்று டோடோ. பறக்கத் தெரியாத, மனிதனைக் கண்டு பயப்படவும் தெரியாத பறவை. கப்பல்களில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் அதன் முட்டைகளைத் தின்றன. நூறு வருஷம் முடிவதற்குள் இனமே அழிந்தது. தீவுக்கு உண்மையான சொந்தக்காரன் ஒருவன் இருந்தானென்றால் அவன் கதை இப்படி முடிந்தது. கருங்காலி மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, கரும்பையும் மானையும் விட்டுவிட்டு, 1710இல் டச்சுக்காரர்களும் கிளம்பிப் போனார்கள்.

1715இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். துறைமுகச் சதுக்கத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு சிலை நிற்கிறது. 1735 முதல் கவர்னராயிருந்த லா பூர்தொனே என்பவர் அவர். சென்னைவாசிகள் அவரைச் சற்று உற்றுப் பார்க்கலாம்; 1746இல் இந்தத் தீவிலிருந்து கப்பற்படையோடு வந்து ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தவர் அவர்தான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு அவர் பழக்கமான மனிதர். போர்ட் லூயி நகரத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை அழைத்துச் சென்றவரும் அவரே. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவர்களையோ யாரும் அழைக்கவில்லை. விலங்கு பூட்டிக் கொண்டுவந்தார்கள்.

அவர்களில் தப்பியோடியவர்கள் ஒளிந்த இடம் தென்மேற்கு மூலையில் கடலை ஒட்டி நிற்கும் லெ மோர்ன் மலை. உயரம் 556 மீட்டர். 1835 பிப்ரவரி 1ஆம் தேதி அடிமைத்தனம் ஒழிந்தது. செய்தி சொல்லப் போலீஸார் மலையேறினார்களாம். பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று எண்ணி, மேலே இருந்தவர்கள் பாறையிலிருந்து குதித்துவிட்டார்களாம். இது வாய்வழி வந்த கதை. ஆனால் விடுதலையைக்கூட நம்ப முடியாதபடி ஒரு மனிதனை ஆக்கிவிட முடியும் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

அடிமைகள் போனார்கள், கரும்பு போகவில்லை. 1810இல் தீவைக் கைப்பற்றியிருந்த ஆங்கிலேயர்கள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பெரும்பாலோர் பீகார்ப் பக்கத்தவர். சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் ஏராளம். 1849இல் அமைந்த குடியேற்ற நிலையத்தின் படிகள்தாம் நான் சொன்ன 16 படிகள். ஒரு காலத்தில் 'கூலித் துறை' என்றார்கள். இப்போது 'ஆப்ரவாசி காட்'. 2006இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மிஞ்சியிருப்பது அரை ஏக்கருக்கும் குறைவான இடம். படியேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். முனியாண்டியோ முத்தம்மாளோ, குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் பெயர் பதிவாயிற்று.

இனி ரூபாய் நோட்டுக்கு வருவோம். ஆம், அங்கும் ரூபாய்தான். அதில் தமிழ் எழுத்தும் உண்டு. 1998இல் புதிய நோட்டுகள் வந்தபோது தமிழ் தன் பழைய இடத்திலிருந்து ஒரு படி கீழே இறங்கியிருந்தது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த வருஷமே நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மறுபடி அச்சாயின.

இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். அன்று நாடு முழுவதும் அரசு விடுமுறை. ஆனால் தமிழில் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றால் பலர் சிரித்து மழுப்புவார்கள். பேசாத மொழிக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று நமக்குத் தோன்றும். பெயர் போய் எண்ணாக ஆனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த நான்கு எழுத்து மொழி மட்டுமன்று. தாத்தா வியர்வையால் எழுதி வாங்கிய பட்டா.

ஆகவே, கடற்கரைக்குப் போய் இளநீர் வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நோட்டை நீட்டுமுன் ஒரு தரம் திருப்பிப் பாருங்கள்.