ஒல்லாந்தின் செல்வமும் ஆங்கிலேயரின் கணக்கும்

பிறநாடு ஒன்றில் பொருள் முடக்க விழைவோர் அந்நாட்டின் வரி, வட்டி, நீதிமன்றம், துறைமுகம் ஆகியவற்றை ஆராய்ந்து மதிப்பிடுவது இன்று பெருவழக்காகிவிட்டது. இவ்வழக்கம் இக்காலத்தார் கண்டுபிடித்ததன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் தம் அண்டை நாடாகிய ஒல்லாந்தை இவ்வாறு அளந்து பார்த்து நூல்கள் எழுதினர். அளந்தோர் கூரிய அறிவினர். ஆயினும் ஒரே நாட்டை நோக்கி அவர்கள் கண்ட முடிவுகள் வேறு வேறாயின. அது எவ்வாறு நேர்ந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஒல்லாந்து சிறிய நாடு. நிலத்தில் ஒரு பகுதி கடல் மட்டத்துக்கும் தாழ்ந்தது. கப்பல் கட்ட மரமில்லை, இரும்பில்லை, உண்ணும் தானியத்திலும் பெரும்பங்கு பால்டிக் கடல் வழியாக வரவேண்டும். ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபம் ஒன்றைச் சேற்று நிலத்தில் நிறுத்துவதற்கே 13,659 மரத்தூண்களை மண்ணுள் இறக்க வேண்டியிருந்தது. இத்தகைய நாடு 1579 இல் பிற மாநிலங்களோடு ஒன்றுகூடி ஸ்பானிய மன்னனை எதிர்த்தது. 1585 இல் ஆண்ட்வெர்ப் நகரம் ஸ்பானியர் வசமானபோது அங்கிருந்த வணிகரும் கைவினைஞரும் பெருந்தொகையினராய் வடக்கே குடியேறினர். 1602 இல் கிழக்கிந்தியக் கம்பெனியும், 1609 இல் ஆம்ஸ்டர்டாம் வங்கியும் தோன்றின. 1648 இல் ஸ்பெயின் அவர்களது விடுதலையை ஒப்புக்கொண்டபொழுது, ஐரோப்பாவின் சரக்கில் பெரும்பகுதி அவர்களுடைய கப்பல்களிலேயே சென்றுகொண்டிருந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் இருபதினாயிரம் என்றும், அவற்றுள் பதினைந்து பதினாறு ஆயிரம் ஒல்லாந்தருடையவை என்றும் பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர் 1669 இல் எழுதினார். இது மிகைக் கணக்கு என்பதே அறிஞர் கருத்து. அச்சமும் பொறாமையும் கணக்கெழுதினால் எண்கள் பெருகத்தான் செய்யும்.

லண்டன் வணிகரான சர் ஜோசையா சைல்ட் 1668 இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒல்லாந்தரின் செழிப்புக்குப் பதினைந்து காரணங்களை அதில் அடுக்கினார். அரசவைகளில் வணிகம் அறிந்தோர் அமர்ந்திருந்தனர், தந்தையின் சொத்து எல்லா மக்களுக்கும் பகிரப்பட்டது, பீப்பாயின் மேல் குறித்த தரமும் அளவும் உள்ளேயும் இருந்தன, சரக்குக் கப்பலைக் குறைந்த ஆட்களால் ஓட்ட முடிந்தது, சுங்கம் குறைவு, சமயத்தால் ஒருவனை ஒடுக்குவதில்லை, நிலப் பத்திரங்கள் பொதுப் பதிவேட்டில் ஏறின, கடன்சீட்டு கைமாறிச் செல்லச் சட்டம் இடமளித்தது. ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளத்தக்க ஒன்றும் அப்பட்டியலில் உண்டு. ஒல்லாந்தர் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெண்பிள்ளைகளுக்கும் கணக்குக் கற்பித்தனர். அதனால் கணவன் இறந்தபின் மனைவி கடையை மூடாமல் தானே நடத்த முடிந்தது. பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்டவர்கள் நம் தாத்தா காலத்திலும் இருந்தார்கள்.

இவ்வளவும் எழுதிய சைல்ட், முடிவில் பதினைந்தாம் காரணமாகிய குறைந்த வட்டியே ஏனையவற்றுக்கெல்லாம் மூலம் என்றார். இங்கிலாந்தில் சட்டம் இசைந்த மிகை வட்டி அப்போது நூற்றுக்கு 6. ஒல்லாந்தில் நல்ல பெயருடைய வணிகன் 4 க்கும் அதற்குக் குறைவாகவும் கடன் பெற்றான். எனவே சட்டம் இயற்றி வட்டியை 4 ஆக்கினால் இங்கிலாந்தும் ஒல்லாந்தைப் போல் ஆகிவிடும் என்பது அவர் வாதம்.

அக்காலத்திலேயே இதற்கு மறுப்பு எழுந்தது. தத்துவ அறிஞர் ஜான் லாக், வட்டிச் சட்டத்தை மறுத்து எழுதிய நூல் 1692 ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. பணம் மிகுந்து, கடன் திரும்பும் என்ற உறுதி இருக்குமிடத்தில் வட்டி தானே தாழும். சட்டத்தால் தாழ்த்தினால் கடன் கொடுப்போர் கைகளை மூடிக்கொள்வர் அல்லது சட்டத்தை ஏய்க்க வழி தேடுவர் என்பது அவர் கொள்கை. சைல்ட் பெருவணிகர், பின்னர்ப் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராகவும் விளங்கினார். பெருந்தொகை கொண்டு வாணிகம் செய்வோர்க்குக் குறைந்த வட்டி இனிக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பதினைந்து காரணங்களில் தமக்கு வேண்டியதொன்றை அவர் தாய்க் காரணமாக்கினார் என்று ஐயுற இடமுண்டு.

மற்றொருவர் சர் வில்லியம் டெம்பிள். இவர் 1668 முதல் 1670 வரை திஹேக் நகரில் ஆங்கிலத் தூதராய் வாழ்ந்தவர். 1673 இல் அவர் வெளியிட்ட நூல் நேரிற் கண்டவரின் நூல். ஒல்லாந்தில் வரி குறைவு என்று எண்ணியிருந்தோரை அது திகைக்க வைத்திருக்கும். ஆம்ஸ்டர்டாம் உணவுக்கடையில் ஒரு தட்டு மீனைக் குழம்போடு உண்டால், அந்த ஒரு தட்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட வரிகள் அடங்கியிருக்கும் என்று அங்கே பேசிக்கொண்டனராம்! துறைமுகச் சுங்கம் தாழ்ந்திருக்க, உண்பதும் உடுப்பதும் எரிப்பதும் வரி சுமந்தன. வெளிநாட்டுச் சரக்குக்குக் கதவு திறந்திருந்தது; அக்கதவைத் திறந்து வைக்கும் செலவை ஏழையின் அடுப்பும் ஏற்றது.

இத்துணை வரியையும் மக்கள் பொறுத்ததற்குக் காரணம், செலவு எங்கே போகிறது என்பதை அவர்கள் கண்ணால் கண்டதே. அணைகள் உறுதியாய் நின்றன. ஊருக்கு ஊர் கால்வாய்ப் படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்றன; குறித்த மணிக்குப் படகு புறப்பட்டது. தனி மனிதரிடையே நம்பிக்கை இல்லாவிடில் வாணிகம் உயிர் வாழாது, அரசின்மேல் நம்பிக்கை இல்லாவிடில் அது வளராது என்று டெம்பிள் கருதினார். அதற்கொரு சான்று அவர் நூல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டிலேயே கிடைத்தது. 1672 இல் பிரெஞ்சுப் படை நாட்டினுள் புகுந்தது. இட்டுவைத்தோர் ஆம்ஸ்டர்டாம் வங்கிக்கு ஓடினர். கேட்டவர்க்கெல்லாம் வங்கி பணத்தை எடுத்துக் கொடுத்தது. அதனைக் கண்டபின் கேட்போர் கூட்டம் கலைந்தது.

டெம்பிளிடமும் குறையில்லாமல் இல்லை. சிறு நிலத்தில் பெருங்கூட்டம் நெருங்கி வாழ்வதால் உழைப்பு பிறக்கிறது. அயர்லாந்தில் நிலம் மிகுதி, மக்கள் குறைவு, ஆகவே இரண்டு நாள் உழைத்து வாரம் முழுதும் உண்கின்றனர் என்று அவர் ஒப்பிட்டார். அவர் குடும்பத்துக்கு அயர்லாந்தில் நிலம் இருந்தது. அந்நாட்டு மக்களின் நிலங்கள் 1650 களில் பெருமளவில் பறிக்கப்பட்டதை இந்த ஒப்பீட்டில் அவர் எடைபோடவில்லை. தனக்கென்று நிலமில்லாதவனைச் சோம்பேறி என்பது எளிது.

ஐரோப்பாவுக்கு வெளியே ஒல்லாந்தரின் வாணிகச் சூழல் எத்தகையது? சைல்டின் பதினைந்து காரணங்களில் இக்கேள்விக்கு விடையில்லை. கம்பெனி பெற்றிருந்தது தனியுரிமை. போர் தொடுக்கவும் கோட்டை கட்டவும் அதற்கு உரிமையுண்டு. சாதிக்காய் விளையும் பண்டாத் தீவுகளை 1621 இல் கூன் என்ற தலைமை ஆளுநர் படைகொண்டு அடக்கினார். ஏறத்தாழப் பதினையாயிரம் என மதிப்பிடப்படும் அத்தீவு மக்களில் ஆயிரவர் அளவினரே எஞ்சினர் என்பர். 1641 இல் மலாக்கா ஒல்லாந்தர் கைக்கு வந்தது. நீரிணையில் செல்லும் கப்பல்கள் அவர்களிடம் அனுமதிச்சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. பேராக் ஈயத்தைத் தமக்கே விற்கவேண்டும் என 1650 இல் உடன்படிக்கை செய்தனர். 1658 இல் போர்த்துக்கேசியரிடமிருந்து நாகப்பட்டினத்தையும் கைப்பற்றினர். சோழமண்டலக் கரையில் தமிழ் நெசவாளர் நெய்த துணி கிழக்கே சென்று நறுமணப் பொருளாக மாறியது. ஆம்ஸ்டர்டாமில் கம்பெனியின் பங்குகளை வீட்டுப் பணிப்பெண்களும் வாங்கியிருந்தனர். அங்கே திறந்த சந்தை, இங்கே பூட்டிய சந்தை. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரு பக்கங்கள்.

வட்டியைப் பற்றிய வழக்கில் காலமே தீர்ப்புச் சொல்லிற்று. 1714 இல் இங்கிலாந்தின் சட்ட வட்டி 5 ஆகக் குறைந்தது. 1699 இல் மறைந்த சைல்ட் அதைக் காணவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒல்லாந்தில் வட்டி நூற்றுக்கு மூன்றை ஒட்டியே இருந்தது. குறைந்த வட்டி செல்வத்தின் தாய் என்பது உண்மையானால் வாணிகம் மேலும் ஓங்கியிருக்க வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. மீன்பிடி சுருங்கியது, நெசவு நகரங்கள் தளர்ந்தன, உள்ளூரில் இடம் காணாத பணம் ஆங்கில அரசுக்குக் கடனாய்ப் போயிற்று. அப்பணத்தையும் கொண்டு இங்கிலாந்து தன் கடற்படையைப் பெருக்கியது. 1780 இல் இரு நாடுகளுக்கும் மீண்டும் போர் மூண்டது. ஆம்ஸ்டர்டாம் வங்கி கம்பெனிக்கு மறைவாகப் பெருங்கடன் கொடுத்திருந்தது. அது வெளிப்பட்டதும் பழைய நம்பிக்கை உடைந்தது. கம்பெனி 1799 முடிவில் மறைந்தது. வங்கி 1819 இல் மூடப்பட்டது. 1781 இல் ஆங்கிலப் படை நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய நாளிலும், ஆங்கில அரசின் கடன் பத்திரங்கள் ஆம்ஸ்டர்டாம் செல்வர்களின் பெட்டிகளில் பத்திரமாக இருந்தன.